விளம்பரத்துக்கு முன் நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: ஊருக்கு வெளியே மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளை. வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக் கழிவு) பதிவு உண்டு. இணையதளத்தில் நன்கொடைப் பக்கம் இருக்கிறது, ஃபேஸ்புக்கில் எட்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனாலும் ஆன்லைனில் மாதம் ஐந்தாறு பேர்தான் பணம் அனுப்புகிறார்கள். மாதம் பத்தாயிரம் ரூபாயை ஃபேஸ்புக் விளம்பரத்தில் போடலாமா, இல்லை பலரிடம் சிறுகச் சிறுக நிதி திரட்டும் கிரவுட்ஃபண்டிங் தளம் ஒன்றில் சேரலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கொடுக்க நினைத்து உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் திரும்பிப் போகிறார்கள்? ஒரு முறை கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி கொடுக்கிறார்கள்? இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாதவரை விளம்பரத்துக்குப் போகும் பணம் எங்கே போகிறது என்றே தெரியாது.

முதலில் ஒரு சோதனை. உங்கள் இணையதளத்தை இதுவரை பார்க்காத ஒருவரை உட்கார வையுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், வைஃபை கிடையாது, மொபைல் டேட்டா மட்டும். உங்கள் ஃபேஸ்புக் பதிவிலிருந்து தொடங்கி நூறு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது.

பெரும்பாலும் முதல் முட்டு இங்கேதான் வரும். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ லிங்க்கைத் தொட்டால் அது குரோமில் திறப்பதில்லை, அந்த ஆப்புக்குள் இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கிறது. அங்கே யுபிஐ பொத்தானை அழுத்தினால் பல போன்களில் ஜிபே, போன்பே எதுவும் திறக்காது. திரை அப்படியே நிற்கும். வந்தவர் 'சர்வர் சரியில்லை போல' என்று மூடிவிட்டுப் போவார், உங்களுக்குச் சொல்லவும் மாட்டார். இதற்கு மாற்று வழி பக்கத்திலேயே இருக்க வேண்டும்: யுபிஐ ஐடியைத் தொட்டாலே காப்பி ஆகும்படி ஒரு பெட்டி, 'பணம் செலுத்தும் ஆப் திறக்கவில்லையா? மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு பிரவுசரில் திறங்கள்' என்று ஒரு வரி. இரண்டாவது முட்டு, மொபைல் பக்கத்தில் கியூஆர் படத்தை மட்டும் போட்டு வைத்திருப்பது. கையில் இருக்கும் போன் தன் திரையைத் தானே ஸ்கேன் செய்யாது. கியூஆர் கம்ப்யூட்டரில் பார்ப்பவருக்கு, மொபைலில் வருபவருக்கு ஆப்பைத் திறக்கும் பொத்தான்.

மூன்றாவது, படிவம். பதினோரு கட்டங்கள், எல்லாமே கட்டாயம், 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்' உட்பட. பணம் கொடுக்க வந்தவரிடம் நேர்காணல் நடத்தக் கூடாது. பெயர், மொபைல் எண், மின்னஞ்சல், முகவரி, தொகை. இவை போதும். முகவரியையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். பான் எண்ணை எல்லோரிடமும் கேட்காமல், 'வருமான வரிக் கழிவுக்குச் சான்று வேண்டும்' என்ற கட்டத்தை டிக் செய்தவருக்கு மட்டும் திறக்கும்படி வையுங்கள். பான் என்றால் ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து 'பி'. இந்த அமைப்பைப் படிவமே சரிபார்த்தால் மே மாதத்தில் நாற்பது பேருக்கு போன் செய்து பான் கேட்கும் வேலை மிச்சம்.

தொகைப் பெட்டிகளில் கற்பனை எண் வேண்டாம், உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுங்கள். ஒரு மையத்துக்கு மாதம் ஆசிரியர் மதிப்பூதியம் 8,000, முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் சிற்றுண்டி 22 நாளுக்கு 6,600, வாடகை 2,500, கரண்ட்டும் சாக்பீஸும் 900 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18,000. ஒரு பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய். அப்படியானால் பெட்டிகள் 300, 600, 1,800, 7,200 என்று வரலாம்: அரை மாதம், ஒரு மாதம், மூன்று மாதம், ஓர் ஆண்டு. பக்கத்தில் 'வேறு தொகை' என்று ஒரு காலிக் கட்டம். ஒரே ஒரு எச்சரிக்கை. 'இந்தப் பணம் இந்தப் பிள்ளைக்கு' என்று எழுதினால் அப்படியே செலவழித்துக் காட்ட வேண்டும். 'ஒரு பிள்ளையின் மாதச் செலவுக்கு ஈடான தொகை' என்று எழுதுங்கள், அதுதான் உண்மையும்கூட.

இனி முகவரி விஷயம். ஃபேஸ்புக்கிலும் நோட்டீஸிலும் அச்சடித்த கியூஆரைப் போட்டுவிட்டால் பணம் வரும், ஆனால் வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் ஒரு யுபிஐ ஐடியும்தான் தெரியும். கொடுத்தவரின் பெயரும் முகவரியும் உங்கள் பதிவேட்டில் இல்லாவிட்டால் வரித் துறை அதை அநாமதேய நன்கொடை என்று எடுத்துக்கொள்ளலாம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபிசி பிரிவு சொல்வது இது: மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை விட்டுவிடுவார்கள். அதற்கு மேற்பட்ட அநாமதேயப் பணத்துக்கு 30 சதவீத வரி. ஆண்டுக்கு 12 லட்சம் வரும் அமைப்பில் 3 லட்சம் இப்படி ஆளில்லாமல் வந்திருந்தால், 5 சதவீதம் 60,000தான், ஆகவே ஒரு லட்சம் கழியும். மீதி 2 லட்சத்துக்கு வரி 60,000, செஸ் சேர்த்து 62,400. மூன்று மைய மாதங்களின் செலவைவிட அதிகம். முழுக்க மதம் சார்ந்த அறக்கட்டளைகளுக்கு இந்த விதி இல்லை, அதனால் 'கோயில் உண்டியலில் யார் பெயர் எழுதுகிறார்கள்' என்று கமிட்டியில் யாராவது கேட்டால் அந்த வாதம் இங்கே எடுபடாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. இந்தப் பதிலில் இருப்பவை பழைய எண்கள், தாக்கல் செய்யும்போது ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் பணம் செலுத்தும் கியூஆருக்குப் பதில் நன்கொடைப் பக்கத்தைத் திறக்கும் கியூஆரை அச்சடித்தால் தீர்ந்துவிடாதா? தீராது. நம் ஊரில் கியூஆரைப் பார்த்தால் கை தானாக ஜிபேக்குத்தான் போகிறது, அதில் இணைய முகவரிக் கியூஆரைக் காட்டினால் 'செல்லாது' என்று வரும். ஆகவே பணக் கியூஆரையே போட்டு, அதன் கீழே பெரிய எழுத்தில் 'அனுப்பியதும் பெயர், முகவரி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை இந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், ரசீது உடனே வரும்' என்று எழுதுங்கள். ரசீது கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் அனுப்புவார்கள். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், இரண்டு நாளைக்கு என்றாலும். அந்தப் பணம் யாருடைய வருமானம் என்ற கேள்விக்குப் பிறகு பதில் சொல்ல முடியாது.

கட்டணத்தையும் கணக்கில் எடுங்கள். பேமென்ட் கேட்வேயில் (ஆன்லைனில் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் சேவை) கார்டு, நெட்பேங்கிங்குக்கு சுமார் 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பது வழக்கம். ஆயிரம் ரூபாய் வந்தால் கணக்கில் விழுவது 976.40. ரசீது ஆயிரத்துக்குத்தான் போட வேண்டும், 23.60ஐ வங்கிச் செலவாக எழுத வேண்டும். கேட்வே பல நன்கொடைகளைச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புவதால், கணக்கு எழுதுபவர் விழுந்த தொகையையே நன்கொடையாக எழுதிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. வருட முடிவில் ரசீதுப் புத்தகமும் வங்கியும் ஒத்துப்போகாது.

கேட்வேயின் டாஷ்போர்டில் 'தோல்வி' என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. பெயர் எழுதி, தொகை தேர்ந்து, பணம் அனுப்ப முயன்று, வங்கிப் பிரச்சினையால் நின்றவர்கள் அவர்கள். அன்றைக்கே ஒரு போன்: 'சார், நீங்கள் அனுப்பிய தொகை வரவில்லை, உங்கள் கணக்கில் பிடித்திருந்தால் தானாகத் திரும்பி வந்துவிடும், முடிந்தால் இந்த லிங்க்கில் முயன்று பாருங்கள்.' எட்டாயிரம் பேருக்குப் போடும் பதிவைவிட இந்த நான்கு போன் அதிகம் வேலை செய்யும்.

பணம் வந்த பிறகு நடப்பதில்தான் அடுத்த ஆண்டின் வருமானம் இருக்கிறது. ரசீது தானியங்கியாக அந்த நிமிடமே போக வேண்டும். நன்றி மட்டும் மனிதர் சொல்ல வேண்டும், இரண்டு நாளுக்குள், வாட்ஸ்அப் குரல் பதிவானாலும் சரி. புதிதாகக் கொடுத்தவருக்கு மூன்று வாரம் கழித்து, எதுவும் கேட்காமல், மையத்தில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் அனுப்புங்கள். பணம் கேட்கும்போது மட்டும் வரும் எண்ணை யாரும் சேமித்து வைப்பதில்லை. அது சும்மா மரியாதை விஷயமும் இல்லை: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கே செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் நன்றியிலேயே 'இந்த எண்ணை மையத்தின் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுவிடுங்கள்.

80ஜி பற்றி நன்கொடையாளர்களிடம் இரண்டு குழப்பம் உண்டு. ஒன்று, உங்கள் ரசீதே போதும் என்று நினைப்பது. போதாது. ஆண்டு முடிந்ததும் நீங்கள் நன்கொடையாளர் விவரங்களைத் தரும் 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்து, அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழை அவருக்கு அனுப்ப வேண்டும், இரண்டும் மே 31க்குள். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், தாக்கலே செய்யாவிட்டால் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதம். 'சான்றிதழ் மே மாத முடிவுக்குள் வரும்' என்று ரசீதிலேயே எழுதிவிட்டால் ஏப்ரல் முழுக்க வரும் போன்கள் குறையும். இரண்டாவது, எல்லோருக்கும் கழிவு உண்டு என்று நினைப்பது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவு கிடையாது, இப்போது அதுதான் இயல்பான முறை, பழையது வேண்டுமென்றால் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. அதனால் 'வரிச் சலுகை' என்று பேனர் முழுக்க எழுதுவதில் இனி பயனில்லை. பக்கத்தின் அடியில் ஒரு வரி போதும், மார்ச் மாதத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றலாம்.

மாதாந்திர நன்கொடைக்கு யுபிஐ ஆட்டோபே எளிது. தொடங்கும்போது ஒரு முறை பின் நம்பர், அதன் பிறகு 15,000 ரூபாய் வரை தானாகப் பிடிக்கும். சம்பளம் வந்த கையோடு, மாதம் 3 முதல் 7க்குள் தேதி வையுங்கள். 25ஆம் தேதி வைத்தால் 'போதிய இருப்பு இல்லை' என்று திரும்பும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஓர் அறிவிப்பு போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த அறிவிப்பைப் பார்க்கும்போதுதான் 'இது எதற்குக் கட்டுகிறோம்?' என்று யோசித்து ரத்து செய்வார்கள். ஐந்தாம் தேதி பிடிப்பதானால் இரண்டாம் தேதியே உங்கள் செய்தி போயிருக்க வேண்டும்: போன மாதம் என்ன நடந்தது, ஒரு படம், இரண்டு வரி. பெரிய தொகைக்கு என்ஏசிஎச் மேண்டேட் (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்க நன்கொடையாளர் தரும் அனுமதி) வாங்கினால், இருப்பு இல்லாமல் திரும்பும்போது வங்கி நன்கொடையாளரிடமே அபராதம் பிடிக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தானம் கொடுக்கப்போய் அபராதம் கட்டியவர் திரும்பி வர மாட்டார்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எதுவும் சொல்லாத, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கம் நாள் குறித்துக் கொடுப்பது. பிறந்த நாள், கல்யாண நாள், அப்பாவின் நினைவு நாள். இதைப் படிவத்தில் ஒரு கட்டமாக வையுங்கள்: 'குறிப்பிட்ட நாளுக்காகக் கொடுக்கிறீர்களா?' கூடவே இன்னொரு கேள்வி அவசியம்: ஆங்கிலத் தேதியா, நட்சத்திரமா, திதியா? திதி ஆண்டுதோறும் வேறு தேதியில் வரும். போன வருடம் அக்டோபர் 9 என்று எழுதி வைத்து இந்த வருடமும் அக்டோபர் 9க்குப் பேசினால், அவர் வீட்டில் திவசம் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கலாம். மாதம், பட்சம், திதி மூன்றையும் எழுதி வைத்து ஜனவரியில் பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த ஆண்டின் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் முன்பு நினைவூட்டல் போதும். துக்க நாளுக்கு 'வாழ்த்துகள்' என்று ரெடிமேட் செய்தி போகாதபடி அந்த வரிசையைத் தனியாக வையுங்கள். பட்டியலில் 'எப்படி அழைப்பது' என்றும் ஒரு வரிசை வேண்டும்: சார், மேடம், அக்கா, ஐயா, பாய்.

கேட்கும் செய்தியைப் பார்ப்போம். வழக்கமாகப் போவது இது: 'அன்புடையீர், எங்கள் அறக்கட்டளை கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல், மகளிர் மேம்பாடு ஆகிய துறைகளில் சீரிய பணியாற்றி வருகிறது. தங்கள் மேலான ஆதரவை நல்கிட அன்புடன் வேண்டுகிறோம்.' படித்தவர் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எப்போதைக்குள்? ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

'அக்கா, வணக்கம். மையத்தில் இந்த வருடம் பத்தாம் வகுப்பு 14 பேர். ஜனவரி 20 முதல் மார்ச் 10 வரை ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்து படிக்கிறார்கள். ஏழரை மணிக்கு சுண்டலும் டீயும். ஒரு நாளுக்கு 280 ரூபாய். 50 நாளில் 31 நாளுக்கு ஆள் ஆகிவிட்டது, 19 நாள் மீதி. ஒரு நாள் எடுத்துக்கொள்கிறீர்களா?'

கீழே லிங்க். அவ்வளவுதான். இதில் வேலை செய்வது 'மீதி 19' என்ற எண், அது உண்மையாக இருந்தால் மட்டும். இரண்டே நாளில் 19ம் நிரம்பிவிட்டால் லிங்க்கை மூடிவிட்டு 'நிரம்பிவிட்டது' என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். மூடிய பட்டியலைப் பார்த்தவர் அடுத்த முறை முந்திக்கொள்வார்.

படம் போடும்போது நிதானம். காப்பகம், விடுதி நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் படம், பெயர், பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்த நாள் கேக்கோடு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து முகநூலில் போடும் பழக்கம் நேராக இதில் போய் முட்டும். மாலை மையத்துக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வாங்குங்கள். முகம் இல்லாத படமே பல நேரம் நன்றாக இருக்கும்: கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு, வாசலில் கழற்றிப் போட்ட இருபது ஜோடி செருப்பு.

வெளிநாட்டுத் தமிழர்களிடம் கேட்கலாம் என்று கமிட்டியில் கண்டிப்பாக ஒருவர் சொல்வார். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அளவுகோல் பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்க, கனடா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், நம் ஊருக்கு லீவில் வந்து ரூபாயாகக் கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். கேட்வேயில் சர்வதேச கார்டு வசதியை அணைத்து வைப்பதும், படிவத்தில் 'நான் இந்தியக் குடிமகன்/குடிமகள்' என்று ஒரு டிக் வைப்பதும் இன்றே செய்ய வேண்டிய வேலை. பதிவு வாங்குவதென்றால் பொதுவாக மூன்று ஆண்டுச் செயல்பாடும் அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும், பணம் முதலில் வந்து விழ வேண்டிய கணக்கு ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான்.

கிரவுட்ஃபண்டிங் தளங்கள் ஒரே இலக்கு, ஒரே கடைசித் தேதி உள்ள தேவைக்குச் சரி: வெள்ளத்தில் போன கூரை, ஒரு வேன். மாதச் செலவுக்குச் சரிப்படாது. சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: கட்டணம் போக எவ்வளவு வரும், 80ஜி ரசீது யார் பெயரில், கொடுத்தவரின் போன் எண் நமக்குக் கிடைக்குமா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் அவர் உங்கள் நன்கொடையாளர் இல்லை, அந்தத் தளத்தின் நன்கொடையாளர். மேலும், தளம் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டும் என்று இருக்காதீர்கள், முதல் முப்பது பேர் உங்கள் சொந்த ஆட்களாக இருந்தால்தான் அறிமுகம் இல்லாதவர் நம்பிக் கொடுப்பார். கூகுள், தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் பத்தாயிரம் டாலர் மதிப்புக்கு இலவசத் தேடல் விளம்பரம் தருகிறது, விண்ணப்பிக்கலாம். ஆனால் கிளிக் விகிதம் (விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் தொடப்பட்டது என்பது) 5 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து போனால் நிறுத்திவிடுவார்கள். வாரம் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இவ்வளவும் சரியான பிறகு ஃபேஸ்புக்கில் இரண்டாயிரம் ரூபாய் போட்டுப் பாருங்கள், பத்தாயிரம் வேண்டாம். புதியவர்களுக்கு அல்ல, நன்கொடைப் பக்கம் வரை வந்துவிட்டுக் கொடுக்காமல் போனவர்களுக்கு மட்டும் காட்டும்படி. அதில் நான்கு பேர் ஆளுக்கு ஐந்நூறு கொடுத்தால் போட்டதும் வந்ததும் சரியாகப் போயிற்று. அந்த நான்கு பெயரையும் பட்டியலில் வேறு நிறத்தில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அவர்களில் எத்தனை பேர் மறுபடி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த இரண்டாயிரத்தைப் பற்றி முடிவு செய்யலாம்.